ஊர் விளையாட்டுக்கும் இயற்கைக்கும் தொழிலதிபர் செலவிடுவது எப்படி? ஒரு நடைமுறைக் கையேடு

மாவட்டத் தலைநகர் ஒன்றிலோ சிறு தொழில் நகரம் ஒன்றிலோ ஆலை நடத்தும் ஒருவர், சொந்த வட்டாரத்தின் விளையாட்டுக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று எண்ணும்போது, பெரும்பாலும் முதலில் நினைவுக்கு வருபவை ஒரு சுழற்கோப்பையும் ஒரு மரக்கன்று நடுவிழாவும்தான். இரண்டும் தவறில்லை. ஆனால் கோப்பை வழங்கிய மறுநாள் மைதானத்தில் பயிற்சியாளர் இருக்கிறாரா, கன்று நட்ட அடுத்த சித்திரையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே அந்தப் பணம் பயன்பட்டதா இல்லையா என்று சொல்ல முடியும். விழாவுக்குச் செலவிடுவதைக் குறைத்து, ஆளுக்கும் பராமரிப்புக்கும் பல ஆண்டுகள் தொடர்ந்து செலவிட விரும்புவோருக்காகவே இக்கையேடு எழுதப்பட்டுள்ளது.

முன்னோர் செய்த விதம்

தொழிலதிபர்கள் விளையாட்டை வளர்த்த வரலாற்றில் தொராப்ஜி டாடாவின் பெயர் முன்னால் நிற்கிறது. 1919இல் புணேயில் டெக்கான் ஜிம்கானா விளையாட்டுக் கழகத்தின் போட்டிகளுக்குத் தலைமை ஏற்றிருந்த அவர், கிராமத்து ஓட்டக்காரர்கள் வெறுங்காலுடன் ஓடி எடுத்த நேரம் ஐரோப்பிய வீரர்களின் நேரத்துக்கு அருகில் இருந்ததைக் கவனித்தார். அதன் தொடர்ச்சியாக, 1920ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்கு ஓட்டக்காரர்களும் மல்யுத்த வீரர்களும் அடங்கிய இந்திய அணி செல்ல அவர் பொருளுதவி செய்தார். பின்னர் 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரும் ஆனார். இங்கே கவனிக்க வேண்டியது, தாம் விரும்பிய விளையாட்டை அவர் ஊர்மீது திணிக்கவில்லை என்பதே. களத்தில் ஏற்கெனவே இருந்த திறமையைக் கண்டு, அதற்கு எது குறைவாக இருந்ததோ அதைக் கொடுத்தார்.

சென்னையில் டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப். 1987இல் தொடங்கிய வேகப்பந்து வீச்சு அறக்கட்டளை இன்னொரு வகை. ரவி மம்மனின் முயற்சியில் உருவான அது, கிரிக்கெட் முழுவதையும் வளர்க்கப் புறப்படாமல், வேகப்பந்து வீச்சு என்ற ஒரே குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியைப் பயிற்றுநராக அழைத்து வந்தது. ஜவகல் ஸ்ரீநாத், ஜாகீர் கான் போன்றோர் அங்குப் பயின்றவர்கள். லில்லியைத் தொடர்ந்து 2012இல் கிளென் மெக்ராத் பொறுப்பேற்றார். கால் நூற்றாண்டு ஒருவரையே தொடர வைத்த அந்தப் பொறுமைதான் அதன் பலம் என்பது என் கருத்து.

இயற்கைப் பாதுகாப்பில் குஜராத் கரையோரத்தில் நடந்தது கூர்ந்து படிக்கத்தக்கது. திமிங்கலச் சுறா 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சட்டம் வந்தபோதும் மீனவர்களுக்கு அது எட்டியிருக்கவில்லை. மிதாபூரில் ஆலை வைத்திருக்கும் டாடா கெமிக்கல்ஸ், வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா அமைப்புடனும் வனத்துறையுடனும் சேர்ந்து 2004இல் ஓர் இயக்கம் தொடங்கியது. கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, தாய்வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வரும் மகள் அந்தச் சுறா என்று மக்களிடம் பேசினார். ஆனால் பேச்சோடு வேலை முடிந்துவிடவில்லை. வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க மீனவர் தம் வலையை அறுக்க வேண்டும். அறுத்த வலைக்கு யார் பணம் தருவது? வனத்துறை இழப்பீடு தர முன்வந்தது. மீனவர்களே படம் எடுத்துச் சான்று அளிக்க வசதியாகக் கேமராக்களும் வழங்கப்பட்டன. மீனவரின் இழப்புக்கு இப்படி ஒரு வழி பிறந்த பிறகே அந்தப் பேச்சுக்கு வலு வந்தது.

சட்டம் எதை ஏற்கும், எதை ஏற்காது

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, ரூ.500 கோடி நிகர மதிப்பு, ரூ.1,000 கோடி விற்றுமுதல், ரூ.5 கோடி நிகர லாபம் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் (சி.எஸ்.ஆர்.) பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று வகுத்தது. வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படக் கூடியவை என்பதால், உங்கள் தணிக்கையாளரிடம் நடப்பு நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதே பிரிவு, நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. சொந்த ஊருக்குச் செய்ய விரும்புவோருக்கு இது சாதகமான வரி.

அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் நம் இரண்டு நோக்கங்களுக்கும் இடம் உண்டு. சுற்றுச்சூழல் நீடிப்பு, தாவர, விலங்குப் பாதுகாப்பு, மண், நீர், காற்றின் தரம் காத்தல் ஆகியவை ஓர் இனத்திலும், கிராமிய விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி மற்றோர் இனத்திலும் வருகின்றன. இரண்டாவதில் 'பயிற்சி' என்று இருப்பதை மறக்கக்கூடாது. மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளும், பரிசுகளும், விளம்பர நோக்கிலான ஆதரவும் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் வராது என்று 2014இல் நிறுவன விவகார அமைச்சகம் தன் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. ஆகவே கபடிப் போட்டிக்கு நீங்கள் தரும் கோப்பையும் ரொக்கமும் உங்கள் விளம்பரக் கணக்கில் போக வேண்டியவை. அதே பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு சமூகப் பொறுப்புக் கணக்கில் வரும்.

பணத்தை வேறோர் அமைப்பு வழியாகச் செலவிடுவதாக இருந்தால், அந்த அமைப்பு நிறுவனங்களின் பதிவாளரிடம் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து எண் பெற்றிருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் தொடங்காத வெளி அறக்கட்டளையாக இருந்தால், வருமான வரிச் சட்டப் பதிவுகளோடு குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். நிர்வாகச் செலவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஓராண்டில் முடியாத திட்டத்தைத் தொடக்கத்திலேயே 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழுவில் தீர்மானித்துக்கொண்டால், அந்த ஆண்டில் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். பங்குனி மாதத்தில் அவசர அவசரமாகக் கன்று வாங்கிக் குவிக்கும் வழக்கத்துக்கு இந்த ஒரு தீர்மானமே மருந்து. வெயில் ஏறும் காலத்தில் நட்டவற்றில் எத்தனை தேறும் என்பதைத் தோட்டக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

மேற்சொன்ன வரம்புக்குள் வராத சிறு முதலாளிகளுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லை. ஆனால் கணக்கு வைக்கும் ஒழுங்கை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

மைதானத்தில் முதலில் பார்க்க வேண்டியவை

எந்த விளையாட்டுக்குக் கொடுப்பது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். காலை ஆறு மணிக்கு ஊர் மைதானத்துக்கும் பள்ளித் திடலுக்கும் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பாருங்கள். யார் விளையாடுகிறார்கள், யார் சொல்லிக்கொடுக்கிறார், பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா, இருந்தால் எங்கே உடை மாற்றுகிறார்கள், ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடுகிறதா என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். கோவில்பட்டியில் ஹாக்கியும், தென்மாவட்டக் கிராமங்களில் கபடியும், வேறு பல ஊர்களில் கைப்பந்தும் தலைமுறை தலைமுறையாக வேர்விட்டு நிற்பவை. அப்படிப்பட்ட ஊரில் புதிய விளையாட்டொன்றைக் கொண்டுபோய் வைப்பதற்குப் பதிலாக, இருப்பதற்கு வலுவூட்டுவதே சரி.

கபடியையே எடுத்துக்கொள்வோம். ஊரில் பிள்ளைகள் செம்மண் தரையில் வெறுங்காலோடு ஆடி வளர்கிறார்கள். மாநில, தேசிய அளவில் ஆட்டம் செயற்கை விரிப்பின்மீது, காலணியுடன் நடக்கிறது. மண்ணில் பாய்ந்து காலைப் பிடிக்கும் பையன், விரிப்பில் திரும்பும்போது முழங்காலைத் திருகிக்கொள்கிறான். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த அளவுக்கான விரிப்பு ஒரு தொகுதியும், அதை மழையிலும் எலியிலும் இருந்து காக்கும் ஒரு பூட்டிய அறையும், வாரத்தில் மூன்று நாள் அதில் பயிற்சி தரும் ஒருவரும் இருந்தால் அந்த ஊர் அணியின் நிலையே மாறும். விரிப்பை வாங்கிக் கொடுக்கப் பலர் வருவார்கள். அறைக்கும் ஆளுக்கும் கொடுப்பவரைத்தான் காணோம்.

பயிற்சியாளரின் ஊதியமே இதில் முதல் செலவு. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர் பட்டயம் பெற்றவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மாநில அணிக்கு ஆடிய உள்ளூர்க்காரர் ஒருவரைப் பணியமர்த்தி, பட்டயப் படிப்புக்கு நீங்களே அனுப்பலாம். அதற்கு அடுத்தபடி உணவு. பயிற்சி முடிந்தவுடன் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால் என்று கொடுத்தாலே வருகைப் பதிவேட்டில் வித்தியாசம் தெரியும். மூன்றாவது, காயம் பட்டால் பார்ப்பதற்கான காப்பீடும் ஓர் இயன்முறை மருத்துவருடனான ஏற்பாடும். சிறுவர் சிறுமியர் வரும் இடம் என்பதால், பயிற்சியாளர்களின் பின்னணியைச் சரிபார்ப்பதும், புகார் சொல்ல ஒரு பெண் பொறுப்பாளரை நியமிப்பதும், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் கடமைகளை எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிப்பதும் கட்டாயம். இதில் தயவுதாட்சண்யம் கூடாது.

தமிழ்நாட்டில் தனியே அமைப்பு தொடங்க விரும்பாதவர்களுக்கு, நிறுவனங்களின் பங்களிப்பைப் பெற்று வீரர்களுக்கு உதவ 2023இல் அரசு ஏற்படுத்திய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும், அரசுப் பள்ளிகளுக்காக 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் உள்ளன. பள்ளித் திடலைச் சீரமைப்பது போன்ற பணிகளுக்குப் பின்னது பொருந்தும்.

கண்மாய்க்குப் போகும் முன்

நீர்நிலைப் பணியில் முதல் கேள்வி, இது யாருக்குச் சொந்தம் என்பது. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி, கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். அனுமதியின்றி ஒரு கூடை மண் அள்ளினாலும் அது கனிமத் திருட்டு ஆகிவிடும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியுடன் வண்டல் எடுத்துக்கொள்ள 2024இல் நடைமுறை எளிமையாக்கப்பட்டது; எனவே தூர் வாரும் செலவு முழுவதையும் நீங்கள் ஏற்பதைவிட, வண்டலை வயலுக்குக் கொண்டுபோகும் வண்டி வாடகையில் ஒரு பகுதியை ஏற்பது மலிவானது, பயனும் இரட்டிப்பு.

கோயம்புத்தூரில் 2003இல் வறட்சிக் காலத்தில் தொழில் நிறுவனங்கள் பல சேர்ந்து தொடங்கிய சிறுதுளி அமைப்பு, நொய்யல் படுகையைக் கருத்தில் கொண்டு குளங்களைத் தூர் வாரியும் மழைநீர் சேமிப்பு அமைத்தும் மரம் நட்டும் வருகிறது. பிரிக்கால் நிறுவனத்தின் வனிதா மோகன் அதன் நிர்வாக அறங்காவலர். ஒரு குளத்தைத் தத்தெடுப்பதோடு நிற்காமல் படுகை முழுவதையும் பார்த்ததும், போட்டியாளர்களான நிறுவனங்களும் ஒரே அமைப்பில் உட்கார்ந்ததும் பின்பற்றத் தக்கவை. திருப்பூரில் 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கமும் பின்னலாடைத் தொழில்துறையினரின் ஆதரவில், ஆண்டுக்கு ஒரு கட்டம் என்று தொடர்ந்து நடந்துவருகிறது.

தூர் வாருவது என்றாலே பொக்லைன் வைத்துக் குழியாகத் தோண்டுவது என்று ஆகிவிட்டது. கண்மாய்க்கு வரத்துக்கால் அடைபட்டிருந்தால் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் தண்ணீர் வராது. எனவே வரத்துக்கால், மடை, கலிங்கு (உபரிநீர் வெளியேறும் வழி), கரை என்ற வரிசையில் பார்த்துவிட்டு, உட்பகுதிக்குக் கடைசியாக வாருங்கள். கரையைச் சுற்றிலும் செங்குத்தாக வெட்டிவிட்டு நடுவில் ஒரு தீவு விட்டால் பறவைகள் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நாரையும் உள்ளானும் முழங்கால் அளவு தண்ணீரில் இரை தேடுபவை. சரிவான ஓரம் இல்லாத குளத்தில் அவற்றுக்கு நிற்க இடமே கிடையாது. உள்ளே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூடுகட்டும் பறவைகள் இருந்தால் அம்மரங்களைத் தொடாதீர்கள். சீமைக் கருவேலத்தை மட்டும், அதுவும் கூடு இல்லாத மாதங்களில் அகற்றுங்கள். கரைக்குப் பனையும் நொச்சியும் போதும்.

எங்கும் மரம் நடுவது இயற்கைப் பாதுகாப்பு ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிமானும் வானம்பாடியும் வாழும் புல்வெளியில் அடர்வனம் வளர்த்தால், காப்பாற்ற வந்ததையே துரத்திவிட்டோம் என்று பொருள். மாவட்ட வன அலுவலரையும் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல், விலங்கியல் துறையினரையும் அழைத்து, ஓராண்டாவது அங்கே என்ன இருக்கிறது என்று பதிவு செய்த பிறகே எதையும் மாற்றத் தொடங்குங்கள். ஊராரின் வழக்கத்தையும் கேட்டறியுங்கள்: சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இத்தகைய ஊருக்கு விழிப்புணர்வுப் பலகை வைப்பதில் பொருளில்லை. சாலையோ ஆரம்பப் பள்ளிக்கு ஒரு வகுப்பறையோ கேட்டால் செய்துகொடுப்பதே நன்றி.

விளையாட்டு அரங்கம் கட்ட இடம் தேடும்போது, வறண்டு கிடக்கும் குளத்துப் புறம்போக்கு யார் கண்ணையும் உறுத்தும். அதைக் கேட்கவே கேட்காதீர்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டே சட்டம் உண்டு. நல்ல நோக்கத்துக்காக என்றாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான். ஹாக்கிக்குச் செயற்கைப் புல்தரை அமைப்பவர்கள், தண்ணீர் தெளிக்க வேண்டிய வகையா, தேவையில்லாத வகையா என்பதையும், தெளிக்கும் நீரைச் சேகரித்து மறுபடி பயன்படுத்த வழி உண்டா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டும் சேரும் இடம்: காளையும் கொரங்காடும்

ஜல்லிக்கட்டுக்குத் தமிழ்நாடு 2017இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது. நாட்டு மாட்டினங்களைக் காப்பது அந்த வழக்கில் முன்வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று. ஆனால் வாடிவாசலில் சிறந்த காளைக்குக் கார் பரிசளிக்கும் புரவலர்களில் எத்தனை பேர், அந்தக் காளை மேயும் நிலத்தைப் பற்றி யோசித்திருப்பார்கள்? காளை ஒரு நாள் ஓடுகிறது. மீதி 364 நாளும் தின்கிறது.

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பகுதிகளில் உள்ள கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைப் பார்த்தால், விளையாட்டும் இயற்கையும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது விளங்கும். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி என்ற மூன்றடுக்கு அமைப்பு அது. மழை குறைந்த அந்தப் பூமியில் காங்கேயம் மாட்டினம் இந்த மேய்ச்சலைச் சார்ந்தே உருவாயிற்று. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அவ்வினத்தைத் தேர்ந்து பெருக்கிக் காத்ததும் வரலாறு. மனைவிற்பனைக்கும் ஆலைக்கும் நிலம் போகப்போகக் கொரங்காடு சுருங்குகிறது; புல்வெளிப் பறவைகளும் உடன் போகின்றன.

இங்கே ஒரு தொழிலதிபர் செய்யக்கூடியது மிகத் தெளிவானது. கொரங்காட்டை விற்காமல் வைத்திருக்கும் குடியானவரோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, கிளுவை வேலியைப் புதுப்பிக்கும் கூலியையும் புல் விதையையும் கொடுக்கலாம். பொலிகாளை வளர்ப்பவருக்கு மாதந்தோறும் தீவனச் செலவில் பங்கேற்கலாம். கால்நடை மருத்துவர் ஒருவரை மாதம் இருமுறை வரச்செய்யலாம். நிலத்தையும் இனத்தையும் காக்கும் பகுதி சமூகப் பொறுப்புச் செலவாகும் தகுதி உடையது. பரிசு அப்படி அல்ல. பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கன்று ஈனும் வயதுள்ள காங்கேயம் பசு வைத்திருப்பவருக்குக் கொடுங்கள்.

பலகை, கணக்கு, கைமாற்றல்

உங்கள் பெயர்ப் பலகை வைப்பதில் தவறில்லை, சிறியதாக இருந்தால். பலகையில் பணம் கொடுத்த தொகைக்குப் பதிலாக, பயிற்சி நேரமும் பொறுப்பாளர் பணிப்பெயரும் எழுதினால் ஊருக்குப் பயன்.

ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய கணக்கில், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைவிட மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்பவற்றின் எண்ணிக்கையும், முகாமுக்கு வந்தவர்களைவிட ஓராண்டு தொடர்ந்தவர்களின் எண்ணிக்கையும் இடம்பெறட்டும். சராசரியாக ரூ.10 கோடியோ அதற்கு மேலோ சமூகப் பொறுப்புச் செலவு செய்ய வேண்டிய நிறுவனங்கள், ரூ.1 கோடியும் அதற்கு மேலும் செலவிட்ட திட்டங்களுக்கு வெளியாரைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய விதியே உண்டு. சிறியவர்கள் உள்ளூர்த் தலைமையாசிரியரையும் பாசன விவசாயிகளையும் கேட்டாலே போதும். கண்மாயைப் பொறுத்தவரை, தானம் அறக்கட்டளை வளர்த்த வயலகங்கள் என்னும் விவசாயிகள் சங்கங்களைப் போல ஆயக்கட்டுதாரர் சங்கம் ஒன்று பொறுப்பேற்காத வரை, நீங்கள் போட்ட கரை உங்கள் கரையாகவே இருக்கும். உடைந்தால் உங்களுக்குத்தான் தொலைபேசி வரும்.

விலகும் நாளைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டிலிருந்து உங்கள் பங்கு ஆண்டுக்கு ஐந்தில் ஒன்று குறையும் என்று எழுதிவைத்தால், ஊரார் மாற்று வழி தேட அவகாசம் கிடைக்கும். நிரந்தரமாக நிற்க வேண்டியது பயிற்சியாளர் ஊதியம் மட்டும் என்றால், அதற்கு வைப்பு நிதி வேண்டும். ஆனால் 2021ஆம் ஆண்டு விதித் திருத்தத்துக்குப் பிறகு அறக்கட்டளைகளின் மூலநிதிக்குக் கொடுப்பது நிறுவனத்தின் சமூகப் பொறுப்புச் செலவாகக் கருதப்படாது. ஆகவே அந்தத் தொகை உங்கள் சொந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். மாதம் ரூ.25,000 ஊதியம் என்றால் ஆண்டுக்கு ரூ.3 லட்சம், 7 சதவீத வட்டியில் அதை ஈட்ட ஏறக்குறைய ரூ.43 லட்சம் தேவை. விலைவாசியோடு ஊதியமும் உயர வேண்டுமானால் வட்டியில் பாதியை முதலோடு சேர்த்துவர வேண்டும். அப்போது தேவைப்படும் முதல் ரூ.86 லட்சம். அறக்கட்டளைப் பத்திரத்தில், இந்த வட்டியைப் பயிற்சியாளர் ஊதியத்துக்கு அன்றி வேறெதற்கும், கட்டடத்துக்கோ விழாவுக்கோ, எடுக்கக்கூடாது என்று வழக்கறிஞரைக் கொண்டு எழுதிவிடுங்கள்.